கொலைக்களத்துக் காவலர்

(கீழ்பென்னாத்தூரில், இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)

சிலம்பை வைத்து நடந்த பட்டிமன்றங்களுக்குத் தமிழ்நாட்டில் கணக்கில்லை. கோவலன் கொலைக்குப் பெரிதும் பொறுப்பாளி யார் என்னும் வினா, திருவிழா மேடை முதல் பல்கலைக்கழக அரங்கு வரை எழுந்து எழுந்து ஓய்ந்திருக்கிறது. ஓர் அணி பொற்கொல்லனைக் கூண்டில் ஏற்றும். மற்றோர் அணி ஆராயாது ஆணையிட்ட பாண்டியனை ஏற்றும். மூன்றாம் அணிக்கு ஊழ்வினை கைகொடுக்கும். சில மேடைகளில் மாதவியும் இழுக்கப்படுவதுண்டு. நடுவரின் தீர்ப்பு எப்பக்கம் சாய்ந்தாலும், ஒரு கூட்டத்தார் மட்டும் பெரும்பாலும் விசாரணைக்கே அழைக்கப்படுவதில்லை. அவர்கள்தாம் கொலைக்களத்தில் படைக்கலத்தோடு நின்றவர்கள். வாளை வீசியவனும் அவர்களோடு நின்றவனே. ஊர்காப்பாளர் என்று அடிகள் அவர்களைச் சுட்டுகிறார்.

இக்காவலர்களைப் பற்றியதே இவ்வுரை. கூட்டத்தின் நடுவே நிற்கும் ஒருவன் தன் கண்ணையும் தன் மனத்தையும் எவ்வாறு விட்டுக்கொடுக்கிறான், ஆணைக்கு எவ்வாறு பணிகிறான், உதவ வேண்டிய நேரத்தில் எவ்வாறு வாளாவிருக்கிறான் என்பதை ஆராய்வது இன்று சமூக உளவியல் என்னும் தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. அத்துறை இருபதாம் நூற்றாண்டில் ஆய்வுக்கூடத்தில் கண்டவற்றுள் பலவற்றை, கொலைக்களக் காதையின் பிற்பகுதியில் காணலாம். அறிவியல் அனைத்தும் தமிழில் முன்பே உண்டு என்னும் பழகிப்போன பெருமிதத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கவிஞர் மனிதர் கூடி நிற்பதை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்கிறார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

காட்சியைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன், நூறு கொல்லர் பின்தொடர, மெய்ப்பை அணிந்து, கையில் கொறடு ஏந்தி மதுரைத் தெருவில் வருகிறான். சட்டை அணிவது பலர்க்கும் இயல்பாக இல்லாத காலத்தில் மெய்ப்பை பதவியின் அடையாளம். கோவலன் அவனை அரசவைத் தொடர்புடையோன் என்று அறிந்து நம்புவதற்கு அக்கோலமே போதுமானதாகிறது. கோவலனிடம் சிலம்பைக் கண்ட அவன், அவனைத் தன் குடிலருகே இருக்கச் செய்துவிட்டு அரண்மனைக்கு விரைகிறான். ஊடிச் சென்ற தேவியைத் தேடி அவள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த மன்னன், வழியில் இவன் சொல்லைக் கேட்டு, நின்ற நிலையிலேயே ஆணை பிறப்பிக்கிறான்.

அவ்வாணையில் ஒரு நுட்பம் உண்டு. கள்வனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருக என்று மட்டும் மன்னன் சொல்லவில்லை. தேவியின் சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தே சொல்கிறான். ஆராய வேண்டிய கடமையை அவன் தான் செய்யாமல் காவலரிடம் தள்ளிவிட்டான் என்றும் கொள்ளலாம். காவலர்க்கு ஆராயும் உரிமையைக் கொடுத்தான் என்றும் கொள்ளலாம். எவ்வாறு கொண்டாலும், அது தேவியின் சிலம்புதானா என்று பார்ப்பது ஆணையை மீறுவதாகாது, ஆணையை நிறைவேற்றுவதே ஆகும். பிற்பாடு கண்ணகி அவையில் சிலம்பை உடைத்து உள்ளிருந்த பரலைக் காட்ட எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒரு நொடி. அந்த ஒரு நொடி கொலைக்களத்திலும் இருந்தது.

காவலர் அறவே சிந்திக்காத மரப்பாவைகள் அல்லர் என்பதை அடிகள் வெளிப்படையாகக் காட்டுகிறார். கோவலனைப் பார்த்தவுடனே, இவன் தோற்றத்தால் கொலைக்குரியவன் அல்லன் என்கிறார்கள். ஒருவன் சொன்னதாக அடிகள் பாடவில்லை, பன்மையிலேயே சொல்கிறார். ஐயம் ஒரு நெஞ்சில் ஒளிந்து கிடக்கவில்லை. அது வாய் திறந்து பேசப்பட்டது, பலராலும் பேசப்பட்டது.

இதன்பின் பொற்கொல்லன் செய்ததே பெரிய காரியம். அவன் சினக்கவில்லை, நகைத்தான். கள்வர்க்குத் துணையாவன என மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று தொடங்கி எட்டு வகைகளை நூலறிந்தவன் போல் அடுக்கினான். தூதுவன் வேடத்தில் பகலில் காத்திருந்து, பெண் கோலத்தில் இரவில் புகுந்து, துயின்றிருந்த இளவரசன் மார்பின் ஆரத்தைக் கவர்ந்த கள்வன் ஒருவன் கதையைச் சொன்னான். காவலர் தம் கண்ணால் கண்டதற்கு எதிரே, வல்லுநன் ஒருவனின் விளக்கம் வந்து நின்றது. நல்லவனைப் போல் தோன்றுவதே கள்வனின் திறம் என்றாகிவிட்டபின், கோவலனின் நல்ல தோற்றமே அவனுக்குப் பகையாயிற்று.

அதன்பின் காவலருள் இளையவன் ஒருவன் பேசுகிறான். அவன் பொற்கொல்லன் சொன்னதை மறுக்கவுமில்லை, முழுதும் உடன்படவுமில்லை. மழைக்கால நள்ளிருளில், நீல ஆடை உடுத்து, உளியோடு வந்த கள்வன் ஒருவன் தன் வாளையே பற்றிக்கொண்டு மறைந்துபோன பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறான். கள்வர் செயல் அறிதற்கு அரிது, மன்னனும் நம்மைத் துன்புறுத்துவான், ஆகவே செய்யத்தக்கது என்ன என்று நீங்களே சொல்லுங்கள் எனத் தோழரைக் கேட்கிறான். கொலைக்களக் காதையில் அதிகம் பேசப்படாத இடம் இது. ஒருவன் கேட்டுவிட்டான். வினா அனைவர் முன்னும் திறந்து கிடக்கிறது. முன்பு தோற்றத்தைக் கண்டு ஐயுற்ற அத்தனை பேரும் அங்கேதான் நிற்கிறார்கள். ஒருவரும் பேசவில்லை. கல்வியறிவற்ற, கள்ளுண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

ஐயம் பிறக்கவில்லை என்பது காவலர் மேல் வைக்கத்தக்க குற்றமன்று. பிறந்த ஐயம் நகைக்கப்பட்டபின் இரண்டாம் முறை சொல்லப்படவில்லை என்பதே குற்றம். இவ்வுரையின் கருத்து இவ்வளவே. எஞ்சியவை அதற்குச் சான்றுகள்.

சாலமன் ஆஷ் என்னும் அறிஞர் 1950களில் அமெரிக்காவில் ஓர் எளிய சோதனை நடத்தினார். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் வெவ்வேறு நீளமுள்ள மூன்று கோடுகள். முதற்கோட்டுக்கு நிகரானது எது என்று சொல்ல வேண்டும். குழந்தையும் பிழையின்றிச் சொல்லும். ஆனால் அறையில் இருந்தோருள் ஒருவரைத் தவிர ஏனையோர் முன்பே சொல்லிவைத்தபடி தவறான விடையை ஒருமித்துச் சொல்வார்கள். பாவம், அந்த ஒருவர் என்ன செய்வார்? நான்கில் மூன்று பங்கினர் ஒருமுறையேனும் தம் கண்ணை விட்டுக் கூட்டத்தின் சொல்லைப் பற்றினர். ஆஷ் மேலும் ஒன்று செய்து பார்த்தார். கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடை சொல்லச் செய்தார். உடனே பிழைக்கு இணங்குவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. துணைக்கு ஒருவர் போதும், பெரும்பான்மை தேவையில்லை.

கவியரங்கம் கண்ட இவ்வவையினர்க்கு இச்சோதனை புதிதன்று. மேடையில் ஒரு கவிதை படிக்கப்படுகிறது. அது வெற்றுச் சொல்லடுக்கு என்பது முன்வரிசைக்கும் தெரியும், பின்வரிசைக்கும் தெரியும். எங்கோ ஒரு கை தட்டுகிறது, அரங்கமே தட்டுகிறது. விழா முடிந்து தேநீர்க் கடையில்தான் உண்மை வெளிவருகிறது.

ஆணைக்குப் பணிதலைச் சோதித்தவர் ஸ்டான்லி மில்கிராம். 1961ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய சோதனையின் கதை பலரும் அறிந்ததே. அடுத்த அறையில் இருக்கும் ஒருவர் விடையைத் தவறாகச் சொல்லுந்தோறும், அவருக்கு மேலும் மேலும் கடுமையான மின்னதிர்ச்சி தர வேண்டும் என்று சாம்பல்நிற மேலங்கி அணிந்த ஆய்வாளர் அமைதியான குரலில் சொல்வார். உண்மையில் மின்சாரம் இல்லை, அலறியவர் நடிகர். முதலில் வெளிவந்த ஆய்வறிக்கையின்படி 40 பேருள் 26 பேர் 450 வோல்ட் என்னும் கடைசி விசை வரை சென்றனர். மின்னதிர்ச்சி மெய்யானதன்று எனச் சிலர் உள்ளூர ஐயுற்றிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் அம்முடிவுகளைக் கேள்விக்குள்ளாக்கியதும் உண்டு; அது நிற்க.

இங்கு நோக்கத்தக்கது வேறு. அந்த 26 பேரும் கல்நெஞ்சர் அல்லர். அவர்களுள் பலர் வியர்த்தனர், நடுங்கினர், திக்கினர், அந்த மனிதர்க்கு ஏதேனும் ஆகிவிட்டதா என்று கேட்டனர். தொடருங்கள் என்னும் பொருள்பட ஆய்வாளர் மறுபடி சொன்னதும் தொடர்ந்தனர். காவலர் ஐயுற்றதும் பொற்கொல்லன் நகைத்ததும் நினைவுக்கு வருகின்றன. சாம்பல்நிற மேலங்கியைப் பார்க்கையில் மெய்ப்பையும் நினைவுக்கு வருகிறது. ஆனால் சோதனை செய்பவராக நடித்த வேறு இருவர் இடையில் எழுந்து, இனிச் செய்யமாட்டோம் என்று விலகிக்கொண்ட ஏற்பாட்டில், 40 பேருள் நால்வரே கடைசி வரை சென்றனர். ஆணை அதே ஆணை, மேலங்கி அதே மேலங்கி. மறுப்பு பிறர் வாயிலிருந்து வந்தது என்பது ஒன்றே வேறுபாடு.

இவ்வளவும் காப்பியமும் ஆய்வுக்கூடமும். இவ்வூரிலிருந்து திருவண்ணாமலை சென்று, தண்டராம்பட்டு, தானிப்பாடி வழியே அரூர் செல்லும் சாலையில் போனால், ஆய்வுக்கூடத்தில் காண முடியாததைக் காணலாம். அரூர்ப் பகுதியில், சித்தேரி மலையடிவாரத்தில் இருப்பது வாச்சாத்தி.

1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றையும் சேர்ந்தோர் அச்சிற்றூருக்குள் புகுந்தனர். சந்தனக் கட்டை கடத்தலைத் தேடிச் செல்வதாகவே அப்பயணத்துக்குப் பெயர். ஆடவர் பலர் மலைக்குள் ஓடிவிட்டனர். எஞ்சிய பழங்குடிப் பெண்களையும் முதியோரையும் குழந்தைகளையும் ஊர் நடுவே இருந்த ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தனர். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டனர். வீடுகள் தகர்க்கப்பட்டன, பொருள்கள் சூறையாடப்பட்டன. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அரூர் வன அலுவலகத்துக்கும் பின்னர்ச் சேலம் சிறைக்கும் கொண்டுபோகப்பட்டனர். ஓர் ஊரே கள்வர் என்று ஆயிற்று.

சிலம்பில் இதற்கும் ஒரு நிழல் உண்டு. ஒரு பொற்கொல்லன் செய்த களவுக்காகப் பின்னாளில் வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. கொலைக்களத்தில் நின்ற காவலர்க்குத் தண்டனை எதுவும் நூலில் இல்லை. குற்றம் தொழிலின் மேலும் குலத்தின் மேலும் ஏற்றப்பட்டது. ஆணையை நிறைவேற்றியவர்மேல் ஏற்றப்படவில்லை. பட்டிமன்றத்தார் காவலரை மறந்ததில் வியப்பென்ன?

வாச்சாத்தியில் அவ்வாறு மறக்கவிடவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ. சண்முகம் முதலானோர் அவ்வூர் மக்களைத் தேடிச் சென்று செய்தியை வெளிக்கொணர்ந்தனர். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் நீதிமன்றம் சென்றார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கான தேசிய ஆணையத்தின் தென்மண்டல அதிகாரி பாமதி நேரில் ஆய்ந்து, நடந்தது நடந்ததுதான் என்று அறிக்கை தந்தார். இம்மூன்றாவது குரலைத் தனியே குறிப்பிட வேண்டும். அது வெளியிலிருந்து வந்த எதிர்ப்பன்று. அரசு எந்திரத்துக்குள்ளிருந்து எழுந்த மறுப்பு. அரசுத் தரப்பு அனைத்தையும் மறுத்துக்கொண்டிருந்த நாளில், அலுவலர் ஒருவரே மற்ற அலுவலரின் சொல்லுக்கு மாறாக எழுதினார். ஆஷின் அறையில் சரியான விடை சொன்ன அந்த ஒருவரின் இடம் அது.

1995இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர்: வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புரைத்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று நீதிமன்றம் கண்டது. அவர்களுள் 17 பேர் வன்புணர்வுக் குற்றத்துக்கு ஆளானவர்கள். ஏனையோர் வன்கொடுமை உள்ளிட்ட பிற குற்றங்களுக்கு. மேல்முறையீடுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று தள்ளுபடி செய்தது. தீர்ப்புக்கு முன் நீதியரசர் பி. வேல்முருகன் வாச்சாத்திக்கு நேரில் சென்று அவ்விடங்களைப் பார்த்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்றும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொன்னது. ஆணையை நிறைவேற்றியவரையும் மேலிருந்தவரையும் ஒரே தீர்ப்பு கூண்டில் ஏற்றியது. கண்ணகி அன்றைக்கே வழக்குரைத்து அன்றைக்கே நீதி பெற்றாள். வாச்சாத்திப் பெண்கள் முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள் காத்திருந்தனர்.

அந்த 269 பேருள் எவர் நெஞ்சும் உறுத்தவில்லை என்று எண்ணுவது எளிது; ஆறுதலும்கூட. அவர்கள் வேறு வகை மனிதர், நாம் வேறு வகை மனிதர் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? மில்கிராமின் அறையும் மதுரைக் கொலைக்களமும் அந்த ஆறுதலைத் தரவில்லை. உறுத்தல் எங்கும் உண்டு. ஆலமரத்தடியில் அது, நிறுத்துங்கள் என்று அனைவர்க்கும் கேட்கும் குரலாக எழுந்து கொடுமையைத் தடுக்கவில்லை.

உதவி செய்தல் பற்றியும் ஒரு சொல். ஜான் டார்லி, பிப் லட்டானே என்னும் இருவர் 1968இல் வெளியிட்ட ஆய்வில், வேறோர் அறையில் ஒருவர் வலிப்பு வந்து தவிப்பதை ஒலிக்கருவி வழியே மாணவர்கள் கேட்கிறார்கள். தாம் மட்டுமே கேட்பதாக எண்ணியோருள் 85 விழுக்காட்டினர் அவர் தவித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து சென்று சொன்னார்கள். தம்மோடு வேறு நால்வரும் கேட்பதாக எண்ணியோருள் அவ்வாறு செய்தவர் 31 விழுக்காட்டினரே. எழாதவர் இரக்கமற்றவர் அல்லர், அவர்கள் கைகள் நடுங்கின என்று ஆய்வாளர் எழுதுகிறார்கள். மறுபடியும் அதே செய்தி.

அடைக்கலக் காதையில் மாடலன் நினைவுகூரும் நிகழ்ச்சி ஒன்றை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். மணிமேகலைக்குப் பெயர் சூட்டிய நாள். பொன் பெறுவதற்காகக் கூட்டம் திரண்டிருக்கிறது. கோல் ஊன்றி வந்த முதிய அந்தணர் ஒருவரை மதம் கொண்ட யானை பற்றிவிடுகிறது. அத்தனை பேர் இருந்த இடத்தில் பாய்ந்து சென்று முதியவரை விடுவித்து, யானைமேல் ஏறி அதை அடக்கியவன் கோவலன். அருளையே வீரமாகக் கொண்டவன் என மாடலன் அவனைப் புகழ்கிறான். இக்கதையைக் கொலைக்கு மிக அருகே, அதற்கு முந்தைய காதைகளில் ஒன்றில், அடிகள் வைத்திருப்பது தற்செயல் ஆகாது. கூட்டத்தில் யார்க்காகவோ பாய்ந்த ஒருவனுக்காக, கூட்டத்திலிருந்து ஒருவரும் பாயவில்லை.

நம் மண்ணுக்கு உரிய பழைய பாட்டு வேறொரு பழக்கத்தைக் காட்டுகிறது. செங்கண்மா எனப்பட்ட செங்கத்து நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம், வழிநெடுக முன்பின் அறியாதார்க்குச் சோறிடும் குடிகளைப் பேசுகிறது. மலைவாழ்நர் வந்தவரை உறவினர் போல் ஏற்பர் என்று கூத்தர்க்கு முன்கூட்டியே சொல்லப்படுகிறது. புலவர் வெறுமனே வருணித்தாரா, அல்லது இப்படித்தான் இவ்வூரார் நடப்பார்கள் என்று பாடிப் பாடி நடக்க வைத்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. ஊரின் எதிர்பார்ப்பும் ஓர் ஆணைதான். அது மனிதரை நல்லதன்பாலும் செலுத்தும். வாச்சாத்திக்குச் செல்லும் அதே தண்டராம்பட்டுச் சாலையையொட்டிய தென்முடியனூரில், ஊர் எதிர்பார்ப்பின் மறுபக்கம் இருந்தது. ஏறத்தாழ 80 ஆண்டுகளாக முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழையவிடப்படாத தலித் மக்கள், 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட நிருவாகத்தின் துணையோடும் காவல்துறையின் காப்போடும் உள்ளே சென்று பொங்கலிட்டு வழிபட்டனர். எண்பது ஆண்டு என்பது மூன்று தலைமுறை. அத்தனை காலமும் ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கழித்திருக்கிறார்கள். கதவு திறக்க ஆட்சியர் வர வேண்டியிருந்தது.

இவ்வட்டம் அடுத்த ஆண்டு விழாவுக்குச் சிலம்பை எடுத்துக்கொள்ளுமாயின், பட்டிமன்றம் வேண்டா. கவியரங்கம் ஒன்று வைக்கலாம். பொற்கொல்லனுக்கும் பாண்டியனுக்கும் அதில் இடமில்லை. கவிஞர் ஒவ்வொருவரும் காவலருள் ஒருவராக நின்று, இளையவன் செய்யத்தக்கது என்ன என்று கேட்டதற்கும் வாள் எறியப்பட்டதற்கும் இடைப்பட்ட அச்சிறு பொழுதில் தம் வாயில் வந்து நின்றுபோன சொல் எது என்று பாடட்டும். கள்ளுண்டவனின் இடத்துக்கும் ஒருவர் வேண்டும். அதற்கு ஆள் கிடைப்பதுதான் அரிதாக இருக்கும்.